அக்கரையில் சைபர்

பொழுது சாய்ந்து கொசு கிளம்புகிற நேரத்துக்குப் பஞ்சநதத்தின் செல்போனில் அன்றைய கணக்கு வந்து விழும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குக் கொரோனா, எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். மனுசன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி உரக்க வாசிப்பார். மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருக்கும் அவர் பெண்டாட்டி மாலதி கேட்டே ஆக வேண்டும்.

“இன்னிக்கும் நாமதான் முந்தி. அக்கரை மாவட்டம் நம்மள்ல பாதிகூட இல்ல,” என்பார். சொல்லும்போது குரலில் வருத்தம் இருக்கும். முதல் மார்க்கு வாங்கிய பெருமையும் ஒரு சிட்டிகை இருக்கும். அந்தப் பெருமையைக் கேட்டால்தான் மாலதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்கரை என்றால் கடல் தாண்டி எங்கோ இல்லை. விளாங்கோட்டகத்துக்கும் தேத்தாங்குடிக்கும் நடுவில் ஓர் ஆறு, அவ்வளவுதான். ஆறு என்பதும் ஒரு மரியாதைக்குச் சொல்வது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே வந்துவிட்டால் காவிரித் தண்ணீர் களைத்துப்போய்க் கடலைத் தேடுகிற வடிகால்தான் எல்லாம். கோடையில் மணலும் நாணலும், நடுநடுவே பாசி பிடித்த குட்டையும் கிடக்கும். அந்த மணலின் நடுவில் யாரோ ஒரு காலத்தில் கோடு கிழித்து, இந்தக் கரை ஒரு மாவட்டம், அந்தக் கரை ஒரு மாவட்டம் என்று ஆக்கிவிட்டார்கள். கோட்டைப் பார்த்தா பெண் கொடுத்தார்கள்? மாலதி தேத்தாங்குடி கீழத்தெருவில் பிறந்து விளாங்கோட்டகத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு ஊருக்கும் ஒரே மழை, ஒரே கொசு, மதகுப் பாலத்தடியில் ஒரே கடைத்தெரு. ஆனாலும் நோய் மட்டும் அந்தக் கோட்டைப் பார்த்து இக்கரையிலேயே நின்றுவிட்டதாகத் தேத்தாங்குடியில் எல்லாரும் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கை வந்த கதை இதுதான். சித்திரைக் கடைசியில் விளாங்கோட்டகத்துப் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். நர்சம்மா வீடு வீடாக நடந்து, கெஞ்சி, திட்டி, ஊரையே கூட்டிக்கொண்டுபோய் வரிசையில் நிறுத்திவிட்டாள். முதல் சுற்றிலேயே முப்பது பேருக்கு மேல் இருந்தது. மாலதிக்கும் இருந்தது, பஞ்சநதத்துக்கும் இருந்தது. தெரு முனையில் தகரம் அடித்தார்கள். வெடித்து நின்ற பருத்தியை எடுக்க ஆள் இல்லாமல் காற்றில் பறந்தது. பிறகு அதே முகாம் வண்டி அக்கரைக்குப் போனது. தேத்தாங்குடிக்காரர்கள் பாலத்திலேயே மறித்து, எங்கள் ஊரில் யாருக்கும் ஒன்றும் இல்லை, பருத்தி எடுக்கிற நேரம், எங்களை விட்டுவிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வண்டி போனதும், நோய் பிடித்த ஊர்க்காரன் எவனும் வரக்கூடாது என்று சீமைக்கருவை முள்ளை வெட்டிப் பாலத்தின் குறுக்கே போட்டார்கள். ஆக, விளாங்கோட்டகத்தில் முப்பத்துச் சொச்சம், தேத்தாங்குடியில் சைபர். பரீட்சைக்கே போகாத பையன் நான் ஃபெயிலாகவில்லை என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிற மாதிரிதான்.

மேட்டூர் திறக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்த நாளில், காலையில் மாலதி தன் அம்மாவுக்குப் போன் போட்டாள். ஞானாம்பாள் சாதாரணமாகப் போனை எடுத்தால் வைக்கிற ஆளில்லை. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதில் ஆரம்பித்து, எந்த வீட்டு மாடு கன்று போட்டது, யார் யாரிடம் பேச்சில்லை என்பது வரைக்கும் ஒரு மூச்சில் சொல்லி முடிப்பாள். அன்றைக்கு, “சாப்புட்டியா” என்று கேட்பதற்குள் நடுவில் ஒரு தரம் நின்றாள். நின்ற இடத்தில் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் மாலதிக்குத் தெரியும். அடுத்த வீட்டுப் பகலவனின் அப்பா அப்படித்தான் பேசினார். சளிதான், சரியாகிவிடும் என்று வீட்டிலேயே வைத்திருந்தார்கள், மறுநாள் அவர் இல்லை. அதற்குப் பிறகுதான் நர்சம்மா ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, ஒரு பேச்சைப் பேசி முடிக்க மூச்சு பத்தவில்லை என்றால் ஒரு நிமிசம்கூட வீட்டில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போனைத் தம்பி நடராசன் வாங்கிக்கொண்டான். ஆடுதொடாக் கசாயம் கொடுத்திருக்கிறதாம், மெடிக்கலில் மாத்திரை வாங்கியாயிற்றாம், வெறும் சளியாம். டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டதற்கு, இந்த ஊரில் அதெல்லாம் எதற்கு என்று வைத்துவிட்டான்.

பஞ்சநதம் வாயைச் சும்மா வைத்திருக்கலாம். “அங்கதான் ஒண்ணும் இல்லியே மாலதி, சளியாத்தான் இருக்கும்,” என்றார்.

“குச்சி விட்டுப் பாத்தாதானே இருக்கா இல்லியான்னு தெரியும்? பாக்காத ஊருக்கு என்னிக்கும் சைபருதான். தெனம் வாசிக்கிறீங்களே, எத்தன பேரப் பாத்தாங்கங்கிற வரிய என்னிக்காவது சத்தமா வாசிச்சிருக்கீங்களா?”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். அந்த வரி அங்கேதான் இருந்தது. அவருக்குத்தான் அதில் சுவாரசியம் இல்லை. மாலதி பழைய சோற்றைப் பிழிந்து அவருக்கு வைத்துவிட்டு, தான் ஒரு வாய்கூடத் தொடாமல் கடைத்தெருவுக்கு நடந்தாள். எப்படியாவது இன்றைக்கு அம்மாவை இக்கரைக்குக் கொண்டுவந்துவிடுவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

முள்ளைத் தாண்ட அவளிடம் ஒரு வழி இருந்தது. அப்பாவின் தம்பி, அவளுடைய சின்னையா, தேத்தாங்குடியில் இறந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. அப்போது தெருவில் அடித்த தகரத்தை இன்னும் பிரிக்கவில்லை, அதனால் அவள் சாவுக்குப் போக முடியவில்லை. கருமாதிக்காவது, சாவுக்கு உறவுமுறை போடுகிற புதுத்துணியான கோடி என்று சின்னம்மாவுக்கு ஒரு சேலை எடுத்துப் போட வேண்டும். கோடித் துணியோடு வருகிறவளைப் பகையாளிகூட மறிக்க மாட்டான் என்பது அந்தப் பக்கத்தில் எழுதாத சட்டம்.

முத்துப்பேட்டை ஜெக்கரியாவின் ஜவுளிக்கடை பாலத்துக்கு இந்தப் பக்கம் இருந்தது. ஊரடங்கில் முன்பக்கம் ஷட்டர் இறங்கியிருந்தாலும் கோடித் துணிக்கு மட்டும் பின்கதவு திறக்கும். சாவுக்கு ஊரடங்கு உண்டா என்று போலீஸ்காரர்களே கண்டுகொள்ளாமல் விட்டிருந்தார்கள். ஜெக்கரியா அலமாரியைத் துழாவி ஒரே ஒரு சேலையை எடுத்து வைத்தார். அது பாக்கி இருந்ததே பெரிசு என்றார். வேட்டி சுத்தமாகத் தீர்ந்துவிட்டது, ஈரோட்டிலிருந்து லாரி வர வழியில்லை.

“எங்க ஊர்லதான் சாவே நின்னுபோச்சே பாய். யாரு வாங்குறாங்க?”

“உங்க ஊரா? உங்க ஊருக்குக் கால்வாசிகூடப் போயிருக்காதுங்க தங்கச்சி. எல்லாம் அக்கரைக்குத்தான். முள்ளுக்கு மேலயே கைமாத்தி வாங்கிட்டுப் போறாங்க, கட்டுக் கட்டா.”

மாலதி சேலையை வாங்கி இடுப்பில் இடுக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். ஒருத்தருக்கும் நோய் இல்லாத ஊர் கட்டுக் கட்டாகக் கோடி வாங்குகிறது. முப்பது பேருக்கு வந்த ஊர் கால்வாசிகூட வாங்கவில்லை. சாவு எங்கே அதிகம் என்று இதற்குமேல் யார் வந்து சொல்ல வேண்டும்? தம்பியின் வாயை அடைக்கத் துருப்புச் சீட்டு கிடைத்துவிட்டது என்று அவளுக்கு ஒரு தெம்பு வந்தது. விசயத்தைக் கேட்ட ஜெக்கரியா, அம்மாவை இந்தக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும், ஆம்னி வேனோடு படித்துறையில் நிற்கிறேன், ஆஸ்பத்திரிக்கு என்றால் யாரும் மறிக்க மாட்டார்கள் என்றார்.

பாலத்து முள்ளுக்கு அந்தப் பக்கம் இரண்டு இளவட்டங்கள் துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு காவலுக்கு இருந்தார்கள். இரண்டு பேரையும் மாலதி இடுப்பில் தூக்கித் திரிந்திருக்கிறாள். கோடி கொண்டுவந்திருக்கிறேன் என்றாள். ஒருவன் தலையைச் சொறிந்தான். இன்னொருவன், “கோவிச்சுக்காதக்கா, சேலைய முள்ளு மேல வச்சிட்டுப் போ. நாங்க குடுத்துடறோம்,” என்றான்.

எழுதாத சட்டமும் முள்ளில் கிழிந்தது. அவள் சண்டை போடவில்லை. திரும்பி நடந்து, வளைவில் பாலம் கண்ணுக்கு மறைந்ததும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினாள். வெயிலில் மணல் பொரிந்தது. மேல்காற்று நாணலைச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வந்துவிட்டால் இந்த வழியும் கிடையாது என்று நினைத்தபடி எட்டிப் போட்டு நடந்தாள்.

கீழத்தெருவில் பகல் நேரத்தில் அவ்வளவு கதவு சாத்தியிருந்து அவள் பார்த்ததில்லை. சாத்திய கதவுகளுக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். பக்கத்து வீட்டிலும் இருமினார்கள். நாலு வீடு தள்ளி, இருமல் வெளியே கேட்கக்கூடாது என்று தலையணையில் அமுக்கி இருமுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறந்த தெருவில் நடக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

நடராசன் வீட்டுக் கூடத்தில் முழங்கால் உயரத்துக்குப் பருத்தி குவிந்து கிடந்தது. அவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு தாய்வீட்டுக்குப் போனவள் ஊரடங்கில் அங்கேயே மாட்டிக்கொண்டாள். அம்மாவும் மகனும்தான் வீட்டில். பருத்திக் குவியலுக்குப் பக்கத்தில் கயிற்றுக்கட்டிலில் ஞானாம்பாள் ஒருக்களித்துக் கிடந்தாள். மகளைப் பார்த்ததும் எழ முயன்றாள். முடியவில்லை, சிரித்தாள். உதடு நாவல்பழம் தின்றவளைப் போல ஊதாவாக இருந்தது. மாலதிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

“கெளம்பும்மா, போவோம்,” என்றாள்.

கொல்லையிலிருந்து வந்த நடராசன் அக்காளைப் பார்த்ததும் முதலில் தெருக்கதவைத்தான் சாத்தினான். எப்படி வந்தாய், யார் பார்த்தார்கள் என்று கேட்டான். பிறகு குரலைத் தாழ்த்தி, பருத்தி இன்னும் இரண்டு எடுப்பு பாக்கி இருக்கிறது, வியாபாரி இந்த வாரம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், நாற்றங்காலும் தண்ணீருக்குக் காத்துக் கிடக்கிறது, இந்த நேரத்தில் இந்த வீட்டிலிருந்து ஒரு ஆளுக்கு நோய் என்று வெளியே தெரிந்தால் ஊரையே அடைத்துவிடுவார்கள் என்று வரிசையாகச் சொன்னான். அவன் சொன்னதில் எதுவும் பொய்யில்லை. விளாங்கோட்டகத்துப் பருத்தி காற்றில் பறந்ததை மாலதியும் பார்த்தவள்தான்.

“நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் இல்லக்கா. நீ வந்து புதுசாக் கெளப்பாத.”

“ஒருத்தருக்கும் இல்லாத ஊருக்கு இம்புட்டுக் கோடி எதுக்குடா போவுது? பாய் கடையில வேட்டி ஒண்ணுகூட இல்ல. எங்க ஊருக்கு அதுல கால்வாசி வாங்கல. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சாலும் துணி சொல்லுதுல்ல, சாவு எங்க அதிகம்னு.”

நடராசன் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக, அதை அடக்கிக்கொண்டான்.

“துணிய எண்ணிச் சாவ எண்ணுறியாக்கா? உங்க ஊர்ல செத்தவங்கள பிளாஸ்டிக்ல சுத்தி நாலு பேரு தூக்கிட்டுப் போனீங்க. கோடி போட ஆளு வந்துச்சா? எங்க ஊர்ல அந்தக் கேவலம் இல்ல. சின்னையாவுக்கு மட்டும் அறுவது கோடி விழுந்துச்சு, தெரியுமா? பங்காளி, சம்பந்தி, மாமன் மச்சான் ஒருத்தர் பாக்கியில்ல. ஒரு சாவுக்கு அறுவது. இப்ப வகுத்துப் பாரு. உங்கள விட எங்களுக்குச் சாவு கம்மிதான்.”

மாலதிக்குச் சுருக்கென்றது. அவன் சொல்வது சரி. ஆற்று மணலில் வெந்துகொண்டு வந்தபோதெல்லாம் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வந்த சீட்டு ஒரு நொடியில் செல்லாக்காசாகிவிட்டது. துணியை எண்ணினாளே ஒழிய, ஒரு சாவுக்கு எத்தனை துணி என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டில் புருசன் வாசிக்காமல் விடுகிற வரிக்காக அவரை ஏசிவிட்டு வந்தவள், தானும் ஒரு வரியை விட்டுவிட்டாள்.

கட்டிலில் அம்மா இருமினாள். நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த மாலதி மெதுவாகக் கேட்டாள்.

“அறுவது கோடியும் தானா நடந்தாடா வந்துச்சு?”

“என்னக்கா கேக்குற?”

“ஒவ்வொரு கோடிக்கும் பின்னால ஒரு வீட்டு ஆளு வந்து நின்னுச்சுல்ல. அன்னிக்கு அம்மா எங்க ஒக்காந்திருந்துச்சு?”

நடராசன் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான். சாவு வீட்டில் ஞானாம்பாள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருப்பாள். வருகிற பெண்கள் எல்லாரும் அவள் தோளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்து மாரடித்து அழுதுவிட்டுத்தான் எழுந்திருப்பார்கள்.

“சின்னையாவுக்கு என்ன செஞ்சுது?”

“மாரடைப்பு.”

“அதுக்கு முன்னால?”

“நாலு நாள் காய்ச்ச,” என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மாலதிக்குத் தம்பியின் மேல் இருந்த கோபமெல்லாம் போய்ப் பரிதாபம் வந்தது. ஊருக்குப் பயந்தவன். அம்மா மேல் உயிரை வைத்திருக்கிறவனும் அவன்தான். கட்டிலுக்கடியில் கசாயச் சட்டி, வெந்நீர்ப் போசி, மிளகு ரசம் ஊற்றிக் குழைத்த சோறு என்று தெரிந்ததையெல்லாம் செய்து வைத்திருந்தான்.

“நாஞ் சாவத்தான் வேணும்னா சும்மா கெடக்கறேன்,” என்றாள் ஞானாம்பாள், மூன்று தடவை நிறுத்தி நிறுத்தி. “இல்லன்னா என்னைத் தூக்கிட்டுப் போங்க.”

நடராசன் எழுந்துபோய்ப் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்தான். பாலத்து வழி வேண்டாம், ஆற்று வழியே போவோம், யாரும் பார்க்கக்கூடாது என்றான். மாலதி ஒத்துக்கொண்டாள். கொண்டுவந்த சேலையைச் சின்னம்மாவிடம் கொடுக்கச் சொல்லிக் கட்டிலில் வைத்துவிட்டு, அம்மாவை நாற்காலியில் உட்கார்த்தி, துண்டால் சேர்த்துக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாக இறங்கினார்கள்.

ஞானாம்பாள் கனமில்லை. நடராசன் குவிண்டால் பருத்தி மூட்டையை ஒற்றை ஆளாக வண்டியில் ஏற்றுகிறவன். ஆனாலும் ஆற்றுக்குள் இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே நாற்காலியை வைக்கச் சொல்லி மணலில் குந்திவிட்டான். மறுபடியும் தூக்கி, மறுபடியும் குந்தினான். உட்கார்ந்து உட்கார்ந்து பருத்தி எடை போட்டு உடம்பு ஊறிப்போச்சாடா என்று மாலதி கேலி செய்தாள். அவன் சிரிக்கவில்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நட்டாற்றில் அம்மாவை நடுவில் வைத்துக்கொண்டு, அக்காளை நிமிர்ந்து பார்த்தான்.

“ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கக்கா. அங்க எந்த ஊருன்னு கேப்பாங்க. உன் வீட்டு விலாசத்தச் சொல்லிடு. உங்க ஊர்ல முப்பதோட முப்பத்தொண்ணா அது போயிடும், யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. எங்க ஊர்ல விழுந்தா அது வெறும் ஒண்ணு இல்ல. ஊரையே அடைப்பாங்க. என்னாலதான்னு எல்லாரும் என் மூஞ்சியில துப்புவாங்க.”

மாலதி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“சொல்லுக்கா. சொன்னாத்தான் தூக்குவேன்.”

“சரிடா. தூக்கு,” என்றாள் மாலதி.

“மாத்திச் சொன்னேன்னு வச்சுக்க, நீ செத்தா என் வீட்டுக் கோடி உனக்கு வராது.”

அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் மிச்சமிருக்கிற கடைசி உரிமை அதுதான். எத்தனை பட்டுச் சேலை கட்டியவளாக இருந்தாலும், பாடையில் ஏற்றும்போது அவள் மேல் கிடக்க வேண்டியது தாய்வீட்டுச் சேலை. அது வராவிட்டால் நாதியற்றவள் என்று ஊர் சொல்லும். செத்தவளுக்கு அது கேட்கப் போவதில்லை என்பது உண்மைதான். உயிரோடு இருக்கிற மாலதிக்கு அது நெஞ்சில் அரிவாளை வைத்தது போல இருந்தது. குனிந்து நாற்காலியைப் பிடித்தாள்.

இக்கரைப் படித்துறையில் ஜெக்கரியா சொன்னபடி வேனோடு நின்றார். நடராசன் கரையேறவில்லை. அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மணலில் இறங்கித் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். வேனில் அம்மாவின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டு மாலதி யோசித்தாள். யாருடைய பேர் எந்த ஊரில் விழுகிறதோ அந்த ஊருக்குத்தான் முகாம் வண்டி போகும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறாள். ஒரு ஆளுக்கு உறுதியாகிவிட்டால் பிறகு ஊர்க்காரர்கள் கும்பிட்டாலும் வண்டி திரும்பாது. தன் விலாசத்தைச் சொன்னால் அது விளாங்கோட்டகத்தையே இன்னொரு தரம் சுற்றும். தேத்தாங்குடி சைபராகவே இருக்கும். தலையணையில் வாயை அமுக்கி இருமுகிறவர்கள் அப்படியே இருமிக்கொண்டிருப்பார்கள். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுத அத்தனை பெண்களின் முகமும் அவளுக்கு வரிசையாக வந்தது. அதோடு தம்பியின் முகமும் வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் போலிருந்தது.

நர்சம்மாவின் முகாம் இன்னும் நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்தில் பஞ்சநதம் காத்திருந்தார். நர்சம்மா ஞானாம்பாளின் விரலில் கருவியை மாட்டிப் பார்த்த மாத்திரத்தில் முகம் மாறி, ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். ஆக்சிஜன் எண்பத்தாறுதான் இருக்கிறது, திருத்துறைப்பூண்டிக்குக் கொண்டுபோக வேண்டும், இப்போதாவது கொண்டுவந்தீர்களே, பிழைத்துக்கொள்வார்கள் என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மாலதிக்குப் பாதி உயிர் வந்தது. மூக்கில் குச்சி விட்டு எடுத்துக்கொண்டு, பேர், வயசு எழுதிவிட்டு, ஆதார் இருக்கிறதா என்று நர்சம்மா கேட்டாள். எடுத்துவரவில்லை.

“சரி, விலாசம் சொல்லுங்க.”

பஞ்சநதம் பெண்டாட்டியின் காதருகே குனிந்தார். வரும் வழியில் போனிலேயே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். “நம்ம விலாசத்தையே சொல்லிடு மாலதி. நமக்கு ஒண்ணு கூடுனா என்ன கொறஞ்சுடப் போவுது? மச்சானப் பகைச்சுக்காத. தாய்வீடுன்னு உனக்கு வேற யாரு இருக்கா?”

அவர் சொன்னதும் அன்பில்தான். மாலதி அவரைப் பார்த்தாள். பிறகு நர்சம்மாவைப் பார்த்து, கையெழுத்துப் போடுகிறவளைப் போல நிதானமாகச் சொன்னாள்.

“தேத்தாங்குடி.”

நர்சம்மாவின் பேனா நின்றது. “அக்கரைத் தேத்தாங்குடியா? அங்க யாருக்கும் இல்லன்னுதானே சொன்னாங்க?”

“யாரையும் பாக்கலம்மா. இனிமே பாருங்க.”

சொல்லி முடித்ததும் மாலதிக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறந்த வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. கேட்டால் கேட்கட்டும் என்று நின்றாள்.

அப்போதுதான் ஞானாம்பாள் கையை ஆட்டினாள். முகத்தில் கட்டியிருந்த துணியைக் கீழே இழுத்தாள். நர்சம்மா தடுக்கப் போனாள். அவள் கேட்கவில்லை.

“கீழத்தெருன்னு எழுதிக்கம்மா,” என்றாள். மூச்சு வாங்கினாள். “வெறும் ஊரு பேரப் போட்டா, மேலத்தெருவுல நாலு பேரப் பாத்துட்டுத் திரும்பிடுவாங்க.”

“எழுதிக்கறேன் பாட்டி, நீங்க பேசாதீங்க.”

“புள்ளையாரு கோயிலுக்கு எதுத்த வீடு.” மறுபடியும் நின்றாள். மாலதியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். “அங்க எம் மவன் இருக்கான். நடராசன். அவனுக்கும் மூணு நாளாக் காய்ச்ச அடிக்குது. எங்கிட்ட மறைக்கிறான். பெத்தவளுக்குத் தெரியாதா? ஊருக்குப் பயந்துகிட்டு ஒத்தையிலே கெடந்து செத்துப்போயிடுவான். மொதல்ல அவனப் பாருங்க.”

மாலதி அம்மாவின் கையைப் பஞ்சநதத்தின் கையில் கொடுத்தாள். ஆம்புலன்ஸ் வந்ததும் கூடவே ஏறிக்கொள்ளச் சொன்னாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வேப்பமரத்தடியில் வேனைத் திருப்பி நிறுத்திக்கொண்டிருந்த ஜெக்கரியாவிடம் போனாள்.

“படித்துறைக்கு வண்டிய எடுங்க பாய்,” என்றாள். “எந்தம்பியக் கூட்டிட்டு வரணும்.”